பல் கிளினிக்குக்கு லேசர்: தவணைக்கு முன் பதிவேட்டைப் புரட்டுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் சொந்தமாகப் பல் கிளினிக் நடத்துகிறேன். வயது 36. ஈறு, நாக்குக் கட்டு போன்ற மென்திசு சிகிச்சைகளுக்கு டயோடு லேசர் வாங்கும்படி ஒரு விற்பனைப் பிரதிநிதி வற்புறுத்துகிறார். வரியோடு விலை 3,60,000 ரூபாய். 9 சதவீத ஃபிளாட் வட்டியில் மூன்று ஆண்டுகள், மாதத் தவணை 12,700. "மாதம் ஐந்து கேஸ், ஒன்றுக்கு 5,000 என்றாலே 25,000 வரும், மார்ச்சுக்குள் வாங்கினால் வருமான வரியும் மிச்சம்" என்கிறார். இப்போது மாதம் மூன்று பேருக்குக் கத்தியால் செய்து தலா 3,000 வாங்குகிறேன். இரண்டு பேரைத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுகிறேன். ஆண்டு வசூல் 28 லட்சம். 5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மகளுக்காகப் போடும் 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டுக் கருவியை வாங்கலாமா?

பதில்: வேண்டாம் டாக்டர். எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம். கருவியையும் இந்தக் கணக்கை நம்பி இப்போதே வாங்க வேண்டாம்.

அந்த 25,000 ரூபாயில் 9,000 ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துகொண்டிருக்கும் பணம். லேசரால் புதிதாக வருவது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். மூன்று பேரும் மறுப்புச் சொல்லாமல் 5,000 தந்தால் கூடுதல் 6,000. தஞ்சாவூர் போகும் இருவரும் உங்களிடமே செய்துகொண்டால் 10,000. மொத்தம் 16,000. ஃபைபர் முனை முதலான செலவுக்குக் கேஸுக்கு 500 ரூபாய் ஒதுக்கினால் மிஞ்சுவது 13,500. தவணை போக 800 ரூபாய். அந்த இருவரில் ஒருவர் வராவிட்டாலும் கையில் நிற்பது 9,000தான். மீதி 3,700 ரூபாயை மாதந்தோறும் வேறு வருமானத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கடந்த 12 மாதப் பதிவேட்டைப் புரட்டுவது. நாக்குக் கட்டு, மேலுதட்டுக் கட்டு, வளர்ந்த ஈறு, ஈறின் கருமை நீக்கம், ஞானப்பல்லை மூடிய சதை, இம்பிளான்ட் மேல் மூடிய ஈறைத் திறப்பது: இவற்றில் உண்மையில் எத்தனை வந்தன, எத்தனையை வெளியே அனுப்பினீர்கள், எதற்காக அனுப்பினீர்கள்? இரத்தத்துக்கும் தையலுக்கும் நோயாளி பயந்ததுதான் காரணமென்றால் லேசர் உதவும். 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான டயோடு ஒளியை மெலனினும் ஹீமோகுளோபினும் நன்றாக உறிஞ்சுவதால் வெட்டும்போதே இரத்தம் கட்டுப்படுகிறது, பல நேரம் தையலும் தேவைப்படுவதில்லை. உங்களுக்கு நேரமோ பயிற்சியோ இல்லாததுதான் காரணமென்றால் கருவி வாங்கியும் அந்தக் கேஸ்கள் தஞ்சாவூருக்கே போகும். பல்லையும் எலும்பையும் டயோடு வெட்டாது. அதற்கான எர்பியம் லேசரின் விலை வேறு உயரத்தில் இருக்கிறது. மேலே சொன்ன பட்டியலில் பலவற்றை, மின்சாரத்தால் சதையை வெட்டும் மின்காட்டரி கருவியாலும் செய்யலாம், அது லேசரைவிட மிகவும் மலிவு. இம்பிளான்ட் போன்ற உலோகத்தின் அருகிலும், பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் மட்டும் காட்டரி சிக்கல்.

அடுத்து வட்டி. 9 சதவீத ஃபிளாட் என்பது, நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி வாங்குவது. உண்மையான வட்டி ஆண்டுக்கு 16 சதவீதத்துக்கு மேல் வருகிறது. மொத்த வட்டி 97,200 ரூபாய். இதே 9 சதவீதத்தைக் குறையும் நிலுவைக்குப் போட்டால் தவணை சுமார் 11,450, மொத்த வட்டி சுமார் 52,000. முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும். கணக்கு வைத்திருக்கும் பொதுத்துறை வங்கியில் கேளுங்கள். எஃப்.டி.யின் மீது கடன் வாங்கினால், பெரும்பாலும் எஃப்.டி. வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதல். ஆனால் வருமானம் திடீரென நின்றுபோனால் கிளினிக் வாடகையையும் உதவியாளர் சம்பளத்தையும் வீட்டுச் செலவையும் தாங்கவிருக்கும் பணம் அதுதான். பாதிக்கு மேல் அதை அடமானத்தில் வைக்காதீர்கள்.

வரி மிச்சம் என்ற பேச்சைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். 28 லட்சம் வசூலுள்ள பல் மருத்துவர்களில் பலர், 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லிப் பழகிய உத்தேச வருமான முறையில்தான் கணக்குக் காட்டுகிறார்கள். வசூலில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டால் தேய்மானம், கடன் வட்டி எல்லாம் கழிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். லேசருக்கென்று தனியாக ஒரு ரூபாயும் குறையாது. முழுக் கணக்கு எழுதுபவராக இருந்தாலும், கருவியை அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம்தான். மார்ச்சில் அவசரப்படுவதால் உங்களுக்கு என்ன லாபம்? மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், கருவி வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யையும் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. தவணைத் தேதி நெருங்கும்போது, சாதாரணச் சுத்திகரிப்பு போதுமான நோயாளியிடமும் "லேசரில் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லத் தோன்றும். ஈறு நோய்க்கான ஆழ்சுத்திகரிப்போடு லேசரையும் சேர்க்க வேண்டாம் என்றே ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டியும் டயோடு லேசரை வெறுமனே கூடுதலாகச் சேர்ப்பதை ஆதரிக்கவில்லை. விற்பனைப் பிரதிநிதியின் ஐந்து கேஸில் ஆழ்சுத்திகரிப்பும் அடங்கியிருந்தால், அதை அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.

இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. சொந்த லேசரோடு வந்துபோகும் ஈறு நிபுணரை மாதம் ஒரு நாள் உங்கள் கிளினிக்குக்கு அழையுங்கள். கட்டணத்தில் பங்கு கொடுங்கள், கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஒவ்வொரு கேஸையும் தனி நோட்டில் எழுதுங்கள். புதிதாக வரும் நிகரத் தொகை, சுமார் 11,450 ரூபாய் வங்கித் தவணையைப் போல ஒன்றரை மடங்காவது, அதாவது மாதம் சுமார் 17,000 ரூபாயைத் தொட்டால் தயங்காமல் வாங்குங்கள்.

அப்போது இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத கருவிகளின் பக்கம் போகாதீர்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் இறக்குமதி உரிம எண், உத்தரவாதக் காலம், பழுதானால் மாற்றுக் கருவி தருவார்களா என்பது, அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி நோயாளிக்கும் உதவியாளருக்கும் சேர்த்து விலையில் அடங்குமா என்பது: நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.