பைத்தான் கான்ஃபிக்பார்சர்: கீ சின்ன எழுத்தாவதும் பாஸ்வேர்டில் வரும் எரரும்

வணக்கம் நண்பரே. பைத்தானின் கான்ஃபிக்பார்சரை வைத்து ஐஎன்ஐ ஃபைல் (புரோகிராமின் அமைப்புகளைக் கீ, மதிப்பு என்று ஜோடியாக வைத்திருக்கும் ஃபைல்) எழுதும்போது கீ-யில் இருக்கும் பெரிய எழுத்தெல்லாம் சின்ன எழுத்தாகிறது, பாஸ்வேர்டை வைத்தால் வேல்யூஎரர் வருகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

உங்கள் பாஸ்வேர்டில் % குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், "இன்னொரு கீ-யின் மதிப்பை இங்கே கொண்டு வா" என்ற கட்டளை என்று நினைத்து பார்சர் அதைப் பிரிக்கப் பார்க்கும். பார்சரை உருவாக்கும்போதே இன்டர்போலேஷன் (இப்படி மதிப்பைக் கொண்டுவரும் வசதி) என்பதற்கு நன் (எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) கொடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில்தான் தொல்லை என்றால் %% என்று இரட்டித்தாலும் போதும். நானும் ஒருமுறை இதில் மாட்டி, டேட்டாபேஸ்தான் கோளாறு என்று அரை நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன்!

எழுத்து விஷயம் எளிது: பார்சரின் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம் (கீ-யைச் சின்ன எழுத்தாக்குவது இதுதான்) இடத்தில் எஸ்டிஆர் ஃபங்ஷனை வையுங்கள். செக்‌ஷன்களை, அதாவது ஃபைலின் பகுதிகளைச் சேர்ப்பதற்கு முன்பே வைக்க வேண்டும். பிறகு வைத்தால் ஏற்கெனவே உள்ளே போனவை மாறாது.

இன்னொன்று: டேட்டாபேஸின் போர்ட் 3306-ஐத் தனியாக எண்ணாகவே கொடுத்தால் டைப்எரர் வரும். முழு செக்‌ஷனையும் டிக்‌ஷனரியாகக் கொடுத்தால் பார்சரே அதை ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றிக்கொள்ளும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

பழைய ஃபைலைப் படித்துத் திரும்ப எழுதுவதானால் ஒரு நகல் எடுத்து வையுங்கள், கமென்ட் வரிகள் எல்லாம் போய்விடும்.