அவன் திருநங்கை ஆகிவிடுவானா?

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 24 வயது, கோவையில் வேலை. பொங்கலுக்கு வந்தவன், "நான் கே. எனக்குப் பொண்ணு பாக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டான். மீசை வைத்திருக்கிறான், கபடி ஆடுகிறான். இவன் போகப்போகத் திருநங்கை ஆகிவிடுவானா? ஆபரேஷன் செய்துகொள்வானா? இதற்கு வைத்தியம் இருக்கிறது என்கிறார் என் நாத்தனார். – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ஆகமாட்டான், சகோதரி. முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடக்கின்றன. "நான் ஆணா, பெண்ணா, வேறா?" என்பது ஒன்று. "என் மனசு யார் பக்கம் போகிறது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உங்கள் மகனின் பதில் பிறந்ததிலிருந்து ஒன்றுதான்: ஆண். இரண்டாவதுக்குத்தான் நீங்கள் எதிர்பாராத பதில் வந்திருக்கிறது. ஆணாக இருந்துகொண்டே ஆணை விரும்புகிறவர் கே. பெண்ணை விரும்பும் பெண் லெஸ்பியன். இரண்டு பக்கமும் மனம் போகிறவர்கள் உண்டு, இருபாலீர்ப்பு என்கிறோம். யார்மேலும் அந்த ஈர்ப்பே தோன்றாதவர்களும் உண்டு, அவர்கள் ஏசெக்சுவல். நம் ஊரில் இவர்களைச் "சாமியார்" என்று கேலி பேசியே காலத்தை ஓட்டிவிட்டோம்.

திருநங்கை என்பது முதல் கேள்வியைச் சேர்ந்தது. ஆண் குழந்தை என்று சொல்லி வளர்க்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். ஆபரேஷன் செய்திருந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று யாரும் கேட்கக் கூடாது. 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே அது இருக்கிறது.

நானே இதில் சறுக்கியவள்தான். எட்டாம் வகுப்பில் இரட்டைச் சடையோடு என்னிடம் இலக்கணம் படித்த பிள்ளை, பல வருடம் கழித்துத் தாடியோடு வந்து நின்றது. "டீச்சர், நான் திருநம்பி." சரி, அது வரைக்கும் எனக்குப் புரிந்தது. பெண் என்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவர். பெரிய விவரசாலி மாதிரி, "அப்போ ஒரு நல்ல பொண்ணா பாத்துக் கல்யாணம் பண்ணிக்கோப்பா" என்றேன். "இல்ல டீச்சர், எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்" என்றார். அப்புறம் எதுக்குப்பா இவ்வளவு பாடு, பெண்ணாகவே இருந்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காபியோடு சேர்த்து விழுங்கினேன். நான் யார் என்பது வேறு, யாரைப் பிடிக்கும் என்பது வேறு என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

நாத்தனார் சொல்லும் வைத்தியத்துக்கு வருகிறேன். ஆணுக்கு ஆண்மேலும் பெண்ணுக்குப் பெண்மேலும் வரும் ஈர்ப்பை, அதாவது தன்பாலீர்ப்பை, உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் தடுத்தது. மறுவருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர் செய்யும் தொழில் குற்றம் என்றது. கழிக்க வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கும் கதவைச் சாத்துங்கள். 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தின் கண்ணிலும் உங்கள் மகன் குற்றவாளி இல்லை. அவன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ள மட்டும் சட்டம் இன்னும் இடம் தரவில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று எவர் வீட்டுப் பெண்ணையாவது கூட்டிவந்து விடாதீர்கள்.

கேள்வி: ஓரினச்சேர்க்கையாளர், தன்பாலீர்ப்பாளர், மூன்றாம் பாலினம், திருநர் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? – ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி

பதில்: "ஓரினச்சேர்க்கை"யை விட்டுவிடுங்கள் ஐயா. அந்தச் சொல் ஆளைப் பார்க்காமல் படுக்கையறையை எட்டிப் பார்க்கிறது. உங்களையும் உங்கள் வீட்டம்மாவையும் தம்பதி என்றுதானே சொல்கிறோம்? தன்பாலீர்ப்பு என்றால் மனசும் அதற்குள் வந்துவிடுகிறது.

"மூன்றாம்" என்றால் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டது யார் என்று திருநங்கைகளே கேட்கிறார்கள். 2008ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்த காலத்தில் அரவாணி என்ற பெயர்தான் புழக்கத்தில் இருந்தது, திருநங்கை பிறகு நிலைத்தது. திருநர் என்றால் திருநங்கை, திருநம்பி எல்லோரும் அதில் அடக்கம். உடற்கூறே ஆண், பெண் என்ற இரண்டில் சரியாக அடங்காமல் பிறப்பது ஊடுபால். அது உடம்பைப் பற்றிய சொல், மேலே சொன்ன இரண்டு கேள்விகளிலும் சேராது. அப்படிப் பிறந்த சிசுக்களுக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, ஆண் அல்லது பெண் என்று ஆக்கும் அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பை ஒட்டி 2019ல் தமிழக அரசு ஆணை போட்டது. இந்தச் சொற்களுக்கெல்லாம் 2022ல் அரசிதழிலேயே ஒரு பட்டியல் வந்தது. ஆனாலும் எதிரில் ஆள் இருக்கும்போது பட்டியல் எதற்கு? அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: திருநங்கையைப் பற்றிப் பேசும்போது வந்தான் என்பதா, வந்தாள் என்பதா? – கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: வந்தாள். வயதில் மூத்தவர் என்றாலோ, தெரியாது என்றாலோ, வந்தார். தமிழில் "ஆர்" இருக்கும்போது என்னம்மா கவலை? "ஆண்மை திரிந்த பெயர்"களுக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதியையே அவை எடுத்துக்கொள்ளும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அவர் உயர்திணையில் வைத்தவர்களைத்தான் நம் டவுன் பஸ்ஸில் இன்னும் "அது வருது பாரு" என்கிறார்கள்.