வலிப்பு நோய் மாநாடுகளில் மருத்துவர்கள் பேசுவதால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு என்ன பயன்? புது வைத்தியம் ஏதாவது வந்திருக்கிறதா?

தங்கைக்கு 14 வயதில் ஃபிட்ஸ் தொடங்கி 9 வருடம் ஆகிறது, வால்ப்ரோயேட் உட்பட மூன்று மாத்திரை சாப்பிட்டும் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது, தென்மாநில நரம்பியல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டைப் பற்றிப் பேப்பரில் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை, எடுக்கும் டெக்னீசியன். இதுபோன்ற மாநாடுகளில் எங்களுக்கென்று தனியாகப் பயிற்சி வகுப்பு வைப்பார்கள். அது முடிந்ததும் நான் பெரிய அரங்கில் போய் உட்கார்ந்து மருத்துவர்கள் பேசுவதையும் கேட்பேன். புது மருந்து, புதுக் கருவி எல்லாம் பேசுவார்கள்தான். ஆனால் வருடா வருடம் ஒரு விஷயத்தை மட்டும் யாராவது ஒருவர் கிட்டத்தட்ட கெஞ்சும் குரலில் சொல்லிவிட்டுப் போவார்: இரண்டு மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளியை வைத்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள், வலிப்புக்கென்றே உள்ள மையத்துக்குச் சீக்கிரம் அனுப்புங்கள். உங்கள் தங்கைக்கு வேண்டிய பதிலும் அதுதான்.

ஏன் இரண்டு என்று கணக்கு? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புதிதாக வலிப்பு கண்டறியப்பட்ட 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது மருந்தில் இன்னொரு 13 சதவீதம். மூன்றாவது மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்ததில் நின்றது வெறும் 1 சதவீதம் பேருக்கு. அதன் பிறகு எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டன, இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. அதனால்தான் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் 2010-இல் ஒரு வரையறை வைத்தது: சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, சரியான அளவில், தவறாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 2022-இல் அதே சங்கத்தின் நிபுணர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட எல்லோரையும், 70 வயது வரை, எத்தனை வருட நோயாக இருந்தாலும், அறுவை சிகிச்சைக்குத் தகுதியா என்று பார்க்க அனுப்ப வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றதும் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். தெரியும். தினமும் பார்க்கிறேன். "தலையைத் திறக்கிறதா, வேண்டவே வேண்டாம்" என்று அம்மாக்கள் அழுவார்கள். ஆனால் இது நேற்று வந்த சோதனை முயற்சி இல்லை. வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் இதற்கென்றே தனித் திட்டம் தொடங்கி, இன்று நாட்டின் பெரிய வலிப்பு மையங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. நம் மாவட்டங்களிலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக ரயில் ஏறிப் போகிறவர்கள் நிறைய.

பலன் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், பொட்டுப் பக்கத்து மூளை மடலில் தொடங்கும் வலிப்பு உள்ள 80 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம் பேருக்கு நினைவு தவறும் வலிப்பு இல்லை, மருந்துக் குழுவில் 8 சதவீதம் பேருக்குத்தான் இல்லை. டெல்லி எய்ம்ஸில் 18 வயது வரையுள்ள 116 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அதில் ஒரு வருடம் கழித்து அறுவை சிகிச்சைக் குழுவில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை, மருந்துக் குழுவில் 7 சதவீதம் பேருக்குத்தான் இல்லை. நம் நாட்டில், நம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு அது. மாநாட்டில் அந்தப் படம் திரையில் வரும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அதே ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கடுமையான பின்விளைவுகளும் இருந்தன. பெரும்பாலும் ஒரு பக்கக் கை கால் பலவீனம். எந்த இடத்தில் அறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முன்பே எதிர்பார்த்து, பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்தவை அவை. இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று. "பரிசோதனைக்குப் போவது" வேறு, "அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது" வேறு. வலிப்பு மையத்துக்குப் போனால் முதலில் வீடியோ ஈ.ஈ.ஜி-க்கு சேர்த்துக்கொள்வார்கள். இது என் வேலை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தலையில் எண்ணெய் இல்லாமல் நன்றாக அலசிவிட்டு வரச் சொல்வோம். பசை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட கம்பிகளை ஒட்டி, கேமரா உள்ள அறையில் இரவு பகலாகச் சில நாள் வைத்திருப்போம். வலிப்பு வர வேண்டும் என்பதற்காக மருத்துவர் மாத்திரையை மெல்லக் குறைப்பார், தூக்கத்தையும் குறைப்போம். வீட்டில் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர்கள் இங்கே "இன்னும் வரலையே" என்று கவலைப்படுவார்கள். வலிப்பு வந்ததும் நாங்கள் ஓடிப்போய்ப் பெயரைக் கேட்போம், கையைத் தூக்கச் சொல்வோம், ஒரு பொருளைக் காட்டி என்னவென்று கேட்போம். அந்த நேரத்தில் முதலில் எந்தக் கை முறுக்குகிறது, பேச்சு நிற்கிறதா, தெளிந்த பிறகு எவ்வளவு நேரத்தில் வார்த்தை வருகிறது என்பதெல்லாம் மூளையில் எங்கே தொடங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும். இதை வீட்டில் தனியாகச் செய்ய முடியாது, மாத்திரையை நீங்களாகக் குறைத்தும் பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

அதோடு எம்.ஆர்.ஐ. ஏற்கெனவே எடுத்து "நார்மல்" என்று வந்திருக்கலாம். வலிப்புக்கென்று எடுக்கும் எம்.ஆர்.ஐ தனி. மெல்லிய அடுக்குகளாக, குறிப்பிட்ட கோணத்தில் எடுக்க வேண்டும். அதற்கு 2019-இல் ஹார்னஸ் என்ற பெயரில் ஒரு முறையே வகுத்தார்கள். சாதாரணமாக எடுத்த ஸ்கேனில் கண்ணில் படாத சின்ன வடு, இந்த முறையில் எடுத்து, பழகிய கண் பார்க்கும்போது தெரிந்துவிடுவது உண்டு.

இவ்வளவும் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை பொருந்தாது என்றுகூடச் சொல்லலாம். அப்போதும் போனது வீணில்லை. உங்கள் தங்கைக்கு 14 வயதில் தொடங்கியது என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. பதின்ம வயதில் வரும் ஒரு வகை வலிப்பில் காலையில் எழுந்தவுடன் கை வெடுக்கென்று உதறும். டம்ளர் கைதவறிப் போகும், சீப்பு விழும். வீட்டில் "கவனமே இல்லை" என்று திட்டுவார்கள். இந்த வகைக்கு ஃபினிடாயின், கார்பமாசெபைன் போன்ற மருந்துகள் சில சமயம் உதறலை அதிகமாக்கிவிடும். எந்த வகை வலிப்பு என்று தெரிந்தால், கத்தி இல்லாமல் மாத்திரையை மாற்றியே கட்டுக்குக் கொண்டுவர முடிகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு, மன அழுத்தத்தால் வலிப்பு போலவே வரும் வேறு பிரச்சினை என்று தெரியவரும். வீடியோ ஈ.ஈ.ஜி அறைக்கு வருகிறவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்கள் என்று உலகெங்கும் கணக்குச் சொல்கிறார்கள். அது நடிப்பு இல்லை. அதற்கு வேறு சிகிச்சை, வலிப்பு மாத்திரை அதற்கு வேலை செய்யாது.

அப்புறம் வால்ப்ரோயேட். தங்கை 23 வயதுப் பெண் என்பதால் இதை மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்து 2018-இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்குப் பெரிய பிறவிக் குறை இருந்தது. லாமோட்ரிஜின், லெவெடிரசிடாம் என்ற வேறு வலிப்பு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் 3 சதவீதத்துக்கும் கீழே. குழந்தையின் அறிவு வளர்ச்சியும் வால்ப்ரோயேட்டால் பாதிக்கப்படுகிறது. கேரளத்தில் 1998-இலிருந்தே டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கிய கர்ப்பகால வலிப்புப் பதிவேடு இருப்பதால், நம் பக்கத்து மாநாடுகளில் இதைப் பற்றி நல்ல விவரத்தோடு பேசுகிறார்கள். கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே மருந்து மாற்ற முடியுமா, ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு வால்ப்ரோயேட் தவிர வேறு எதுவும் ஒத்துவராது என்பதும் உண்மை, அதனால் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானோர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்று வளர்க்கிறார்கள், இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

கல்யாணம் என்றதால் இன்னொரு தகவல். இந்து திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையான நிலைகளின் வரிசையில் வலிப்பும் இருந்தது. 1999-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறியும் ஊர் மாறவில்லை என்பது என் வருத்தம். மறைத்துக் கல்யாணம் செய்துவைத்து, புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை விட்டுவிட்டு, நிற்காத வலிப்போடு தூக்கி வரப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நல்ல பொருள் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே. சில நூறு ரூபாய்தான், மருத்துவர் சீட்டு வேண்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது இடையில் நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வந்தால், மருத்துவர் சொன்ன அளவில் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மற்றபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வாயில் ஸ்பூன் வைப்பதும் கையில் சாவியைத் திணிப்பதும் வேண்டாம். சாவியால் எதுவும் நிற்பதில்லை, அந்த வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கப்போவதுதான்.

புதுக் கருவிகளைக் கேட்டீர்கள் என்றால், கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி, மூளைக்குள் வைக்கும் தூண்டல் கருவி, மூளையில் வலிப்பு தொடங்கும் இடத்தை லேசரால் சுடும் முறை எல்லாம் உண்டு. விலை லட்சங்களில். தூண்டல் கருவிகள் அறுவை சிகிச்சை பொருந்தாதவர்களுக்கு வலிப்பைக் குறைக்கும், முழுதாக நிறுத்துவது அரிது. கொழுப்பு அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு என்ற கீட்டோ உணவு முறை 1921-இலிருந்தே இருக்கிறது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு நல்ல பலன் தருகிறது. அதையும் நிபுணர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2022-இல் ஒரு செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டன. 2031-க்குள் வலிப்பு உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்கு இது சிகிச்சை உள்ள மூளை நோய் என்று தெரிந்திருக்க வேண்டும், 80 சதவீதம் பேருக்குக் கட்டுப்படியாகும் விலையில் மருந்து கிடைக்க வேண்டும், சிகிச்சை பெறுகிறவர்களில் 70 சதவீதம் பேருக்கு வலிப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும். மாநாட்டில் இந்த இலக்கைச் சொன்னதும் ஒரு கிராமப்புற மருத்துவர் எழுந்து, "என் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை மாதம் தவறாமல் வந்தாலே பாதி வேலை முடிந்தது" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு வாரம் மாத்திரை தடைப்பட்டதால் மறுபடி வலிப்பு வந்து எங்களிடம் வருகிறவர்கள் அவ்வளவு பேர்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இப்போது பார்க்கும் மருத்துவரிடம், "இது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பா, வலிப்பு மையத்துக்கு எழுதித் தருவீர்களா" என்று நேராகக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்கோ, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் நிறுவனத்துக்கோ, வேலூருக்கோ, திருவனந்தபுரத்துக்கோ போகலாம். பழைய எம்.ஆர்.ஐ-யின் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படமும் சி.டி-யும் வேண்டும். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, எப்போது தொடங்கி ஏன் நிறுத்தினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வலிப்பு வரும்போது ஒருவர் தங்கையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுங்கள். முகமும் இரண்டு கைகளும் சேர்ந்து தெரியட்டும், போர்வையை விலக்கிவிடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், தெளிந்து பேசும் வரை நிறுத்தாதீர்கள். நான் எடுக்கும் அரை மணி நேர ஈ.ஈ.ஜி சொல்லாததை அந்த இரண்டு நிமிட வீடியோ மருத்துவருக்குச் சொல்லிவிடும்.