சடங்குதான் என்றால் நீக்குவதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

கேள்வி: அணுக் கனிமங்களும், அரசு பட்டியலிட்ட முக்கியக் கனிமங்களும் தோண்டும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஒன்றிய அரசு விலக்கு அளித்ததற்கு எதற்கு இவ்வளவு எதிர்ப்பு? அந்தக் கூட்டங்களில் நாலு பேர் கத்துவார்கள், கடைசியில் அனுமதி கிடைத்துவிடும். அரிய மண் தனிமங்களை வைத்துச் சீனா கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் ஒரு வெற்றுச் சடங்கை நீக்கினால் என்ன நஷ்டம்?

பதில்: வெற்றுச் சடங்கு என்றால் அது யாரையும் உறுத்தியிருக்காது, நீக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் 2025 செப்டம்பர் 8 அன்று அந்தக் குறிப்பாணை வந்தது. அதன்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை உண்டு, டெல்லியில் நிபுணர் குழுவின் பரிசீலனை உண்டு. குத்தகைப் பரப்பு சின்னதாக இருந்தாலும் கோப்பு டெல்லிக்கே போகும். இல்லாமல் போவது ஊர்க்காரர்கள் வாய் திறக்கும் அந்த ஒரு நாள் மட்டும். தேசப் பாதுகாப்பு, கேந்திர முக்கியத்துவம் என்று 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கும் ஒரு விலக்குப் பிரிவுதான் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

கூட்டம் நடக்கும் லட்சணம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஷாமியானா, வாசலில் போலீஸ், மேடையில் ஆட்சியர். ஆலோசகர் திரையில் பச்சைப் பசேலென்று படம் காட்டுவார். தடி அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். முன்வரிசையில் "வேலைவாய்ப்பு வரட்டும்" என்று சொல்ல ஆட்கள் உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதிகூடக் கிடையாது. வாக்கெடுப்பும் இல்லை.

ஆனால் மறுபாதியைப் பாருங்கள். 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிக்க வேண்டும். பேசியதையெல்லாம் எழுதி, கூட்டத்தின் முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். எழுந்த ஆட்சேபங்களுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். நிபுணர் குழு அந்த ஆட்சேபங்களைக் காரணத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று கோவா சுரங்க வழக்கு ஒன்றில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதாவது கத்திய நாலு பேரின் பேச்சு அப்புறம் நீதிமன்றத்தில் ஆவணமாகிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவரின் கையில் வேறு என்ன இருக்கிறது?

அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது சுரங்கக்காரர் என்பதையும் மறக்க வேண்டாம். 2000-களில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காக எழுதப்பட்ட அறிக்கையில், ரஷ்யாவில் உள்ள ஒரு பாக்சைட் சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டிருந்தன. கொங்கணக் கரையில் குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் மரக் காடு! டெல்லியில் ஏசி அறையில் ஒரே அமர்வில் கோப்புக் கோப்பாகப் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படாமல் போகலாம். "எங்க ஊர்ல இந்த மரம் எங்கேய்யா இருக்கு?" என்று மைக்கைப் பிடித்துக் கேட்க ஊர்க்காரர் வேண்டும். அறிக்கையில் விடுபட்ட ஓடையும் கிணறும் அவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். கன்னியாகுமரிக் கடற்கரையில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் பொதுத்துறைத் திட்டத்துக்கு 2024-இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு, எதிர்ப்பால் தள்ளிப்போனது. அந்த மணலில் இருக்கும் மோனசைட் ஓர் அணுக் கனிமம். புதிய குறிப்பாணைப்படி அதற்கு இனி அப்படியொரு கூட்டமே தேவையில்லை. அரிட்டாபட்டியில் தோண்ட நினைத்த டங்ஸ்டனும் முக்கியக் கனிமப் பட்டியலில்தான் இருக்கிறது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று மாநில அரசு 2022-இல் அறிவித்த ஊரையும் சேர்த்து ஏலம் விட்டார்கள். மேலூர் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. அடுத்த முறை வேறொரு ஊருக்கு இப்படி வந்தால், அதிகாரபூர்வமாக 'வேண்டாம்' என்று பதிவு செய்ய ஒரு மேடைகூட இருக்காது. தமிழக முதல்வர் குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், நல்லது. தன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கல்குவாரிக் கருத்துக்கேட்புகளை ஒழுங்காக நடத்தினால் இன்னும் நல்லது.

இது தனியாக வந்த ஆணையும் அல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றிவிட்டது. கட்டிவிட்டுப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வாங்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நவம்பரில் அதே நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, சீனாவுக்கு வருவோம். அரிய மண் தனிமங்கள் தேவை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. காற்றாலைக்கும் மின்வாகனத்துக்கும் வேண்டும்தான். ஆனால் மலேசியாவில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1980-களில் இதே மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்தார்கள். தோரியம் கலந்த கழிவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லை. மக்கள் வழக்குப் போட்டார்கள், போராடினார்கள், 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதைச் சுத்தம் செய்யும் வேலை 2010-களிலும் முடிந்தபாடில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத் தாமதமாகக் கேட்டதற்கான செலவு அது.

கூட்டம் நடத்தினால் காலதாமதம் என்கிறார்கள். முழுக் கருத்துக்கேட்புக்கும் சட்டம் கொடுக்கும் அவகாசமே 45 நாள்தான். தோண்ட ஆரம்பித்தால் பல பத்தாண்டுகள் நடக்கப்போகிற சுரங்கம் இது. அதற்கு முன்னால் 45 நாள் பொறுக்க முடியாத அளவுக்கு அவசரமான சுரங்கம் எது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.