வார்டு வேலைக்கு எந்த ஸ்டெதாஸ்கோப் வாங்கலாம்?

பொது வார்டில் வேலை பார்க்கும் செவிலியருக்கு விலை கூடிய கார்டியாலஜி மாடல் தேவையில்லை. லிட்மேன் கிளாசிக் 3 தாராளமாகப் போதும். பிபி பார்க்க மட்டும் என்றால் சாதாரண இரட்டைத் தலை மாடலே (உடலில் வைக்கும் தலையின் இரு பக்கத்தையும் பயன்படுத்தும் வகை) சமாளிக்கும்.

விலையைவிடக் காதில் பொருந்துவதுதான் முக்கியம். காதுக்குழாய்கள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சத்தம் மங்கிவிடும். காதுமுனை சரியாக அடைக்காவிட்டால் வார்டு இரைச்சலும் சேர்ந்து வரும். ரப்பர் குழாய் 69 செ.மீ. இருந்தால் அதிகம் குனிய வேண்டாம்.

இரட்டைத் தலையில் ஒன்றுமே கேட்கவில்லையா? பழுதென்று கடைக்கு ஓடாதீர்கள்! தலையை அரைச்சுற்றுத் திருப்பி, டயாஃப்ரத்தை (தலையின் தட்டைப் பக்கத்தில் உள்ள மெல்லிய தகட்டை) மெல்லத் தட்டிப் பாருங்கள்.

வெறும் கழுத்தில் தொங்கவிட்டால் தோலின் எண்ணெய்ப் பசையால் குழாய் நாளடைவில் விறைத்துவிடும். காலருக்கு மேல் போடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், முக்கி எடுக்கக் கூடாது.