ஃபெஸ் போகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எனவே இந்த முறை வேறு கேள்விகளுக்கு விடுமுறை.

கே: மொராக்கோ என்றாலே எல்லோரும் மராக்கேஷ் போகிறார்கள். நீங்கள் ஏன் ஃபெஸ் போனீர்கள்? நாங்களும் போகலாம் என்று இருக்கிறோம், ஆனால் சந்துகளில் தொலைந்துபோவோமோ என்று என் கணவருக்குப் பயம். (வாசகி, திருச்சி)

ப: தொலைந்துதான் போவீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஃபெஸ் எல் பாலி என்கிற பழைய ஊருக்குள் சந்து மட்டும் 9,000-க்கு மேல் என்று சொல்கிறார்கள், உட்கார்ந்து எண்ணியவர் யாரோ. சில சந்துகளில் எதிரே ஆள் வந்தால் இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பித்தான் கடக்க வேண்டும், சுவர்கள் உயரமாக இருப்பதால் போன் மேப்பில் நம் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பாப் பூ ஜெலூத் என்ற நீல வாசலிலிருந்து தலா கெபிரா, தலா சகிரா என்று இரண்டு பெரிய தெருக்கள் சரிவாக உள்ளே இறங்குகின்றன, வழி தெரியாவிட்டால் மேடு பார்த்து ஏறுங்கள், அநேகமாக வாசல் பக்கம் வந்துவிடலாம். (அந்த வாசல் ஏதோ ஆயிரம் வருடப் பழசு போலத் தெரியும். கட்டியது 1913-இல், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை.)

பழைய ஊருக்குள் கார் கிடையாது. கேஸ் சிலிண்டரிலிருந்து ஆட்டுத்தோல் வரை எல்லாம் கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான். பின்னாலிருந்து “பாலாக்!” என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நான் நின்று பார்த்தேன், தோளில் ஒரு மூட்டை இடித்துவிட்டுப் போனது.

“அந்த வழி அடைத்திருக்கிறது, நான் காட்டுகிறேன்” என்று வரும் பையன்களிடம் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஒருவன் என்னை இருபது நிமிடம் சுற்றவைத்து, கிளம்பிய இடத்துக்கே பின்பக்கமாகக் கொண்டுவந்து விட்டுக் காசு கேட்டான். கொடுத்தேன், சுற்றிக் காட்டியது நல்ல சுற்றுதான். முதல் நாள் அரை நாளுக்கு, அடையாள அட்டை வைத்திருக்கும் கைடு ஒருவரை அமர்த்திக்கொண்டால் உங்கள் கணவரின் பயம் தெளிந்துவிடும்.

மராக்கேஷ் அழகுதான், ஆனால் அங்கே ஊரே நமக்காக வேஷம் கட்டி நிற்பதுபோல எனக்குத் தோன்றும். ஃபெஸ்ஸில் அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள். செஃபாரின் சதுக்கத்தில் செம்பு அண்டா தட்டுகிறவர் நாம் நிற்பதைக்கூடக் கவனிப்பதில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை போகாதீர்கள் என்கிறேன், தொழுகை நாள், பாதிக் கடைகளுக்கு மேல் மூடியிருக்கும்.

கே: நான் சுத்த சைவம். பட்டினிதானா? (வாசகர், கும்பகோணம்)

ப: பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். ‘காய்கறி கூஸ்கூஸ்’ என்று எழுதியிருக்கும், காயும் இருக்கும், வெந்தது ஆட்டுக்கறிச் சாற்றில் இருக்கலாம். ஹரீரா சூப்பும் அப்படித்தான். கவலையில்லாமல் சாப்பிடக்கூடியது பிசாரா, காய்ந்த மொச்சைப் பருப்பு மாதிரி ஒன்றைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சீரகத்தூள் தூவித் தருவார்கள். காலையில் ரொட்டியோடு அதைச் சாப்பிட்டால் மதியம்வரை தாங்கும். அப்புறம் ஸாலூக், நம் கத்தரிக்காய் கொத்சுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ம்ஸெமன் என்று ஒன்று, மாவை எண்ணெய் தொட்டு மெல்லியதாக விரித்து மடித்துக் கல்லில் போடுகிறார்கள், நம் வீச்சு பரோட்டா போடுகிறவர் பார்த்தால் சொந்தம் கொண்டாடுவார்.

கே: உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதானாமே? உள்ளே விடுவார்களா? (கல்லூரி மாணவி, சென்னை)

ப: கராவியின். துனிசியாவின் கைரவான் ஊரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி 859-இல் தொடங்கியதாகச் சொல்வது மரபு. முதலில் அது பள்ளிவாசல், பாடம் சொல்வது அதற்குள்ளே வளர்ந்தது. அதனால் ‘பல்கலைக்கழகம்’ என்று எப்போதிலிருந்து சொல்லலாம் என்று வரலாற்றுக்காரர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள், நாம் நடுவில் போக வேண்டாம். இஸ்லாமியர் அல்லாதவர்களுக்குத் தொழுமிடத்துக்குள் அனுமதியில்லை. கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். பக்கத்திலேயே அத்தாரின் மதரஸா, 1325-இல் கட்டி முடித்தது, சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போகலாம்.

கே: ஃபெஸ்ஸுக்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (பள்ளி ஆசிரியர், மதுரை)

ப: சார், உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 14-ஆம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்கள் ஆண்டதைப் பற்றி நேரில் பார்த்துச் சொன்னவர் இப்னு பதூதா என்ற ஊர்சுற்றி. மொராக்கோவின் டான்ஜியர் ஊர்க்காரர், 1325-இல் ஊரை விட்டுக் கிளம்பியவர். இலங்கையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, சிவனொளிபாத மலை ஏறிவிட்டு நம் கரைக்கு வந்தார். அப்போதைய மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானி அவருக்குச் சகலை, இரண்டு பேரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். சகலை என்பதற்காக மூடி மறைக்கவில்லை, அந்தச் சுல்தான் கைதிகளைக் கழுவேற்றி, அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும்கூடக் கொன்றதைச் சொல்கிறார், மதுரையில் கொள்ளைநோயில் ஜனங்கள் செத்ததையும் சொல்கிறார்.

இதையெல்லாம் எங்கே சொன்னார்? ஃபெஸ்ஸில். மொராக்கோவை ஆண்ட சுல்தான் அபூ இனான் உத்தரவுபோட, இப்னு பதூதா சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்பவர் எழுதி, அந்தப் பயண நூல் 1355-இல் முடிந்தது. அதே அபூ இனான் அதே வருடங்களில் கட்டிக்கொண்டிருந்ததுதான் தலா கெபிராவில் இருக்கும் பூ இனானியா மதரஸா. அதன் முற்றத்தில் உட்கார்ந்து, மேலே தேவதாரு மரச் செதுக்கலைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தச்சு வேலை நடந்தபோது பக்கத்தில் எங்கேயோ ஒருவர் மதுரைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். அரை மணி நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கே: தோல் பதனிடும் இடம் பயங்கர நாற்றமாமே? (வாசகர், ஆம்பூர்)

ப: ஆம்பூரிலிருந்து இந்தக் கேள்வியா! சுவாரா என்கிற அந்தத் தோல் பதனிடும் இடத்தில் இன்னமும் சுண்ணாம்பும் புறா எச்சமும்தான். மேலே இருக்கும் தோல் கடைகளின் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம், மூக்கில் வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினா தருவார்கள். புதினா இலவசம். இறங்கும்போது கடை வழியாகத்தான் வர வேண்டும், நான் ஒரு செருப்போடு இறங்கினேன்.