வில்சன் நோயோடு வேலை, கல்யாணம், சாப்பாடு: கேள்வி பதில்

முதலில் புதிதாக வந்தவர்களுக்கு. சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதை ஈரல் பித்தத்தின் வழியே வெளியே தள்ள வேண்டும். ஏடிபி7பி என்ற மரபணு அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பழுதாக வந்துவிட்டால் அது நடக்காது. செம்பு ஈரலிலும் மூளையிலும் படியும். அதுதான் வில்சன் நோய். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எனக்குக் கல்லூரியில் படிக்கும்போது கண்டுபிடித்தார்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன், கணக்கு வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. டோஸ் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மற்றதை என்னிடம் கேளுங்கள்.

அக்கா, மூன்று வருஷமாகப் பெனிசிலமைன் சாப்பிடுகிறேன். நடுக்கம் போய்விட்டது, ரிசல்ட் எல்லாம் நார்மல். இன்னும் எத்தனை நாள்? (கோவை, வயது 26)

ஆயுசுக்கும், தம்பி. ரிசல்ட் நார்மலாக இருப்பதே, செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் அந்தப் பெனிசிலமைன் மாத்திரையால்தான். நிறுத்தினால் சில மாதம் ஒன்றுமே தெரியாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டவர்களில் ஈரல் திடீரென்று செயலிழந்து, மாற்று ஈரல் ஒன்றுதான் வழி என்று போனவர்கள் உண்டு. இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் கின்னியர் வில்சன் 1912-ல் இதைப் பற்றி எழுதியபோது மருந்தே கிடையாது. விழுங்குகிற மாத்திரை என்று ஒன்று வந்ததே 1956-ல், ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டரால். கொஞ்ச காலம் கழித்து உங்கள் டாக்டரே டோஸைக் குறைக்கலாம், குடலில் செம்பு சேராமல் தடுக்கும் துத்தநாக மாத்திரைக்கு மாற்றலாம். அது வேறு விஷயம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெறும் வயிற்றில் மாத்திரை என்கிறார்கள். ஷிப்ட் வேலையில் எப்படிச் சமாளிப்பது?

இந்த நோயோடு வாழ்வதில் பாதி இந்தக் கேள்விதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லையென்றால் இரண்டு மணி நேரம் பின்பு. பால் விட்ட காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் மாத்திரையைப் போட்டுவிடுவேன். காபி ஒரு மணி நேரம் கழித்து. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள்! அடுத்த வேளை ஆபீசில், டீ வருவதற்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில். ஷிப்ட் என்றால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்திருந்தால் அதையும் தள்ளிப் போட வேண்டும். கல்யாண வீட்டில்தான் கஷ்டம்: பந்தி எப்போது என்று பெண்ணின் அப்பாவுக்கே தெரியாது. ஒரு வேளை முன்பின் ஆனால் பரவாயில்லை. "இன்றைக்கு விட்டுவிடலாம்" என்பது மட்டும் வேண்டாம்.

மாமியார் செப்புக் குடத்துத் தண்ணீர்தான் உடம்புக்கு நல்லது என்கிறார். மறுக்க முடியவில்லை.

மறுத்தே ஆக வேண்டும், அம்மா. அவர்களுக்கு நல்லதாக இருக்கட்டும், உங்களுக்குத் தனி எவர்சில்வர் குடம். செம்பு சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்யும் தண்ணீர் மெஷினும் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் கூடாது. சத்து மாத்திரை வாங்கினால் அட்டையில் காப்பர் என்று இருக்கிறதா பாருங்கள்.

சாப்பாட்டில் ஈரல், நண்டு, கணவாய், முந்திரி, எள்ளுருண்டை, காளான், சாக்லேட் இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள், குறிப்பாக முதல் வருஷம். மற்றபடி இட்லி, சோறு, ரசம் எல்லாம் தாராளமாக. பத்தியத்தை மட்டும் நம்பி மாத்திரையை விடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மது அறவே வேண்டாம்.

பெண்ணுக்கு அத்தை மகனையே பேசுகிறார்கள். அவளுக்கு வில்சன் இருக்கிறது. குழந்தைக்கு வருமா? (திருநெல்வேலி, ஒரு தாய்)

நோய் உள்ளவர் ஒரு பழுதான பிரதியை எப்படியும் குழந்தைக்குத் தருவார். இன்னொன்று துணையிடமிருந்து வந்தால்தான் நோய். சொந்தமில்லாதவரைக் கட்டினால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 200-ல் ஒன்று. அத்தை மகன், மாமன் மகன் என்றால் எட்டில் ஒன்று. தாய்மாமன் என்றால் நாலில் ஒன்று. முடிவு உங்களுடையது, ஆனால் பையனுக்கு மரபணுப் பரிசோதனை செய்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

எந்த வரனானாலும் நோயை மறைக்க வேண்டாம். தினமும் மறைத்து மாத்திரை சாப்பிட முடியாது, மறைக்கிறவர்கள்தான் வேளை தவறுகிறார்கள். கர்ப்பத்தில் மருந்தை நிறுத்தக் கூடாது, டோஸை டாக்டர் குறைப்பார். நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் நிறைய. பெனிசிலமைன் சாப்பிடும்போது தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி முன்பே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.

என் பேச்சு குழறுகிறது. பஸ்சில் குடித்திருக்கிறான் என்கிறார்கள்.

எனக்கும் ஒரு காலத்தில் நடந்தது. கண்டக்டர் சில்லறையை என் கையில் வைக்காமல் சீட்டின் மேல் போட்டுவிட்டுப் போனார். மருந்து ஆரம்பித்த புதிதில் சிலருக்கு நரம்புத் தொந்தரவு முதலில் கூடுவதும் உண்டு. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், பயந்து நிறுத்த வேண்டாம். பேச்சுப் பயிற்சிக்குப் பலன் உண்டு. மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசப் பழகுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நாட்பட்ட நரம்பியல் பாதிப்பையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று தந்தால் உயர்கல்வி ஒதுக்கீடு முதலியவற்றுக்கு வழியுண்டு. வெட்கப்படாமல் விண்ணப்பியுங்கள்.

கணவர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், சில நாள் எழுந்திருப்பதே இல்லை. நோயா, குணமா?

நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மூளையில் படிந்த செம்பு மனநிலையையும் மாற்றும். சிலருக்கு ஈரல், நடுக்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான் வரும். மனநல மருத்துவரிடம் போகும்போது வில்சன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் மருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கும் சாய்ந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும், அதையும் தேடிக்கொள்ளுங்கள்.

தம்பி, தங்கைக்கும் பார்க்க வேண்டுமா? அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கண்டிப்பாக. கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. நன்றாக இருக்கும்போதே பிடித்தால் நடுக்கமே வராமல் காலம் தள்ளலாம்.

24 மணி நேரச் சிறுநீர் டெஸ்ட்டுக்குக் கேனை ஆபீசுக்குத் தூக்கிப் போவதா?

சிறுநீரில் எவ்வளவு செம்பு வெளியேறுகிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. ஆபீசுக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரை விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும், திங்கள் காலை முதல் சிறுநீர் வரைக்கும் கேனில். லேபில் கொடுக்கும் கேன்தான், வீட்டு பாட்டில் கூடாது. நடுவில் ஒரு முறை தவறிவிட்டால் லேபில் மறைக்காமல் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி பிடியுங்கள்.